ஹாலேக்கு டிக்கெட் எடுத்தேன், வேறு ஹாலேக்கு

ஜெர்மனியில் ஹாலே என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. எனக்கு இது தெரியவந்தபோது கையில் இரண்டு டிக்கெட்டுகள் இருந்தன. இரண்டுமே போகவேண்டாத ஹாலேக்கு.

அப்பா மயிலாடுதுறையில் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். எழுத்துக்கு ஓர் அறை என்று பிரித்த 'கேஸ்' பெட்டியிலிருந்து ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, 'ஸ்டிக்' என்ற கைச்சட்டத்தில் அடுக்கியே வாழ்நாளின் பாதியைக் கழித்தவர். ஒரு மாதம் எங்களோடு தங்க மியூனிக் வந்திருந்தார். கோட்டை பார்க்கலாமா, ஆல்ப்ஸ் மலைக்குப் போகலாமா என்று கேட்டதற்கெல்லாம் "உங்க இஷ்டம்" என்றவர், மூன்றாம் நாள் இரவு சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார்: "தரங்கம்பாடிக்குத் தமிழ் எழுத்து வார்த்து அனுப்பின ஊர் இங்கேதானே எங்கேயோ இருக்கு?"

அந்த ஊர்தான் ஹாலே. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், தமிழ் எழுத்து வடிவங்களை எழுதி அனுப்ப, ஹாலேயில் பிராங்கே என்ற பாதிரியார் நடத்திய அனாதை இல்லத்தோடு சேர்ந்த அச்சகத்தின் முயற்சியில் அவற்றை ஈயத்தில் வார்த்தார்கள். 1713இல் அந்த எழுத்துகள் கப்பலில் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தன. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அப்பா கேட்டதில் ஆச்சரியம் இல்லை.

அன்றிரவே ரயில் ஆப்பைத் திறந்தேன். ஹாலே என்று அடித்ததும் வந்த பட்டியலில் ஒன்றைத் தொட்டேன். ஆறு மணி நேரத்துக்கு மேல் பயணம், பீலஃபெல்டில் இறங்கி மாற வேண்டும் என்றது. கிழக்கு ஜெர்மனி தூரம்தானே என்று நினைத்து, சூப்பர் ஷ்பார்ப்ரைஸ் என்ற மிக மலிவான விலையில் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். மறுநாள் மதியச் சாப்பாட்டில் சக ஊழியரிடம் சொன்னால், "டென்னிஸ் பார்க்கவா?" என்கிறார். புல்தரை டென்னிஸ் போட்டி நடக்கும் ஹாலே மேற்கே வெஸ்ட்ஃபாலியாவில் இருக்கிறது. நான் போக வேண்டியது சாலே நதிக்கரை ஹாலே. நிலையத்தின் பெயரில் அடைப்புக்குறிக்குள் 'சாலே' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பீலஃபெல்ட் என்று ஓர் ஊரே கிடையாது என்பது ஜெர்மானியர்களின் பழைய ஜோக். இல்லாத ஊர் வழியாகப் போகாத ஊருக்கு டிக்கெட் எடுத்த ஒரே ஆள் நான்தான் என்று அலுவலகம் முழுக்கச் சிரித்தார்கள்.

அந்த மலிவு டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கும் வெறும் ஷ்பார்ப்ரைஸ் என்றால் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். சில யூரோ மிச்சம் பிடிக்கப் பார்த்தது என் புத்தி. சரி, போனது போனதுதான். சரியான ஹாலேக்கு மியூனிக்கிலிருந்து மாறாமலே ஐசிஇ என்ற அதிவேக ரயில் இருக்கிறது, சுமார் மூன்று மணி நேரம். 2017 இறுதியில் எர்ஃபுர்ட் வழியாக அதிவேகப் பாதை திறந்ததிலிருந்து இந்த வசதி. உள்ளூர், வட்டார ரயில்களுக்கான என் மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் ஐசிஇயில் செல்லாது. இன்னொன்று, டிக்கெட் எடுத்தால் மட்டும் சீட் கிடைக்காது, அதற்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்கள் இதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

அடுத்த சிக்கல் நாள். எனக்கு லீவு போடாமல் சனி, ஞாயிறு போய்வர ஆசை. ஆனால் அந்த அனாதை இல்லம் இருந்த இடமான பிராங்கே நிறுவன வளாகத்தில் அருங்காட்சியகம் வேறு, ஆவணக் காப்பகம் வேறு. அருங்காட்சியகம் ஞாயிறும் உண்டு, திங்கள் விடுமுறை. காப்பகத்தின் வாசிப்பறை வார நாட்களில் மட்டும். ஞாயிறு கடைகளும் மூடியிருக்கும், அப்பாவுக்கு ஒரு தைலம் வாங்க வேண்டுமென்றாலும் அலைய வேண்டியதுதான். எது எது பூட்டியிருக்கும் என்று ஒரு தாளில் எழுதி அடித்துக்கொண்டே வந்ததில் மிஞ்சியது வெள்ளி, சனி, நடுவில் ஓர் இரவு. ஜூன் பக்கம் போகவே வேண்டாம். இசையமைப்பாளர் ஹாண்டல் 1685இல் பிறந்த ஊர் இது, அவர் பெயரில் இசை விழா நடக்கும்போது அறை வாடகை ஏறிவிடும். நாங்கள் போனது செப்டம்பரில்.

காப்பகத்துக்கு மெயில் எழுதியதுதான் எல்லாவற்றிலும் நீண்ட வேலை. "பழைய தமிழ்ப் புத்தகங்கள் பார்க்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினேன். எந்த நூல், என்ன எண், என்ன காரணம் என்று மரியாதையாகக் கேட்டுப் பதில் வந்தது. இணையத்தில் இருக்கும் அவர்களுடைய பட்டியலில் தேட உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் தமிழை 'மலபார் மொழி' என்றுதான் எழுதினார்கள். தமிழ் என்று தேடிக் கிடைக்காததெல்லாம் மலபார் என்று தேடினால் வருகிறது. ஓலைச்சுவடிகள் பலவற்றைப் படம் பிடித்தே வைத்திருக்கிறார்கள், வீட்டிலிருந்தே பார்க்கலாம். அப்பா கேட்டது அச்சு. அதனால் 1716இல் ஹாலேயிலேயே அச்சான சீகன்பால்கின் தமிழ் இலக்கணத்தை, 'கிராமட்டிகா தமுலிகா'வைக் குறித்து அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? "என் தந்தை நாற்பது ஆண்டுகள் தமிழ் அச்சுக்கோத்தவர்" என்று உள்ளதையே எழுதினேன். இரண்டு நாளில் ஒப்புதல் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பிளாட்பாரத்தில் பெட்டிகளின் வரிசை இன்று தலைகீழ் என்று கடைசி நிமிடத்தில் அறிவித்தார்கள். அப்பாவை இழுத்துக்கொண்டு அந்தக் கோடிக்கு ஓடியதைத் தவிரப் பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை. வளாகம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.

வாசிப்பறையில் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். மெத்தை போன்ற தாங்கியில் புத்தகத்தை வைத்துத் திறந்தார்கள். லத்தீன் வரிகளுக்கு நடுவே தமிழ், ஒவ்வொரு எழுத்தும் தடிதடியாக. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். தொடவில்லை. தன் சுண்டுவிரல் நகத்தை எழுத்துக்கு மேலே அந்தரத்தில் பிடித்து உயரம் பார்த்தார். "இது நோட்டீஸ் எழுத்துடா, புத்தகத்துக்கு ஆகாது. காகிதம் எப்படிக் கட்டுப்படியாகும்?"

கட்டுப்படியாகவில்லைதான். எழுத்து பெரிது, காகிதம் தின்கிறது என்றுதான் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்தை மறுபடி வார்த்தார்கள். காகிதத்துக்குப் பொறையாறு பக்கம் ஒரு ஆலையும் வைத்தார்கள். இதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து பார்த்தார். "கடுதாசிப்பட்டறையா?" அந்த ஊரின் பெயர் அவருக்கு எத்தனையோ வருடப் பழக்கம். பெயர் ஏன் அப்படி என்று அன்றுதான் உறைத்தது.

சனிக்கிழமை அனாதை இல்லக் கட்டடத்தின் உச்சி மாடியில் இருக்கும் அரும்பொருள் அறைக்குப் போனோம். விட்டத்தில் முதலை தொங்குகிறது, ஓவியம் தீட்டிய 18ஆம் நூற்றாண்டு அலமாரிகளில் உலகம் முழுவதிலிருந்தும் வந்த பொருட்கள். எனக்குப் பிடித்தது இதுதான். மதியம் ஊரில் இன்னொரு அருங்காட்சியகத்தில் நெப்ரா வானத்தட்டு, வானத்து நட்சத்திரங்களைப் பதித்த வெண்கலத் தட்டு, சுமார் 3,600 வருடப் பழசு. அப்பாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. திரும்பும் ரயிலில் பாதி வழிவரை பேசாமல் வந்தவர் திடீரென்று கேட்டார்:

"அந்தப் புத்தகத்துல ஏகாரத்துக்கு இரட்டைக் கொம்பு இல்ல, கவனிச்சியா?"

இரட்டைக் கொம்பு பிறகு வீரமாமுனிவர் கொண்டுவந்தது என்றேன்.

"அப்ப கேஸ்ல ஒரு அறை மிச்சம்" என்றார்.