மறு உத்தரவு வரும் வரை

2006 ஆகஸ்ட் 1ஆம் தேதி காலை ஏழு மணிக்குச் சற்றுப் பிந்தி, தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடிய எழுத்துவரியில்தான் கியூபத் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோ தம் அதிகாரங்களைத் தம்பி ரவுலிடம் ஒப்படைத்துவிட்டார் என்பதைப் படித்தேன். ஹவானாவில் அப்போது முந்தைய நாள் இரவு ஒன்பதரை தாண்டியிருந்தது. நாளிதழ்கள் எல்லாம் அச்சாகி வீடு வந்து சேர்ந்த பிறகு வந்த செய்தி என்பதால், முழு விவரத்தையும் படிக்க மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படித்தபோது என் கண்ணில் முதலில் பட்டது நோயின் தன்மையோ அரசியல் விளைவுகளோ அல்ல. அந்த அறிக்கை எழுதப்பட்டிருந்த விதம்தான். அது ஓர் அரசியல் தலைவரின் உரையைப் போல இல்லை. வரிசை எண்ணிட்ட ஓர் அலுவலக ஆணையைப் போல இருந்தது.

இதைச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. மாவட்ட அலுவலகம் ஒன்றில் நான் பணியாற்றிய ஆண்டுகளில் பெரும்பகுதி, விடுப்பில் செல்லும் அலுவலருக்குப் பதிலாக யார் பொறுப்பு வகிப்பது என்ற ஆணைகளுக்கு வரைவு எழுதுவதிலேயே கழிந்தது. அந்த ஆணைகளில் இரண்டு சொற்றொடர்கள் உண்டு. ஒன்று, 'விடுப்பு முடிந்து பணியில் சேரும் நாள் வரை' என்பது. போனவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. மற்றொன்று, 'மறு உத்தரவு வரும் வரை' என்பது. அதில் எந்த நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. பொறுப்பு ஏற்றவர் தம் பதவிப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'பொ' என்று போட்டுக் கையொப்பமிடுவார். அந்த ஒற்றை எழுத்தோடு மூன்று நான்கு ஆண்டுகளை ஓட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். இலங்கைத் தமிழர்கள் இதையே 'பதில்' என்ற சொல்லால் குறிக்கிறார்கள். பதில் பிரதமர், பதில் நீதவான் என்று அவர்களுடைய செய்தித்தாள்கள் எழுதும்போது, 'பொறுப்பு' என்பதைவிட அது நேர்மையான சொல் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

காஸ்ட்ரோவின் அறிக்கையை அவருடைய செயலாளர் கார்லோஸ் வலென்சியாகா கியூபத் தொலைக்காட்சியில் வாசித்தார். ஜூலை மாதம் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் நடந்த, தென் அமெரிக்க வணிகக் கூட்டமைப்பான மெர்கோசூரின் மாநாட்டுக்குச் சென்றது, அங்கிருந்து சே குவேரா சிறுவயதில் வாழ்ந்த அல்தா கிராசியா ஊரைப் பார்க்கப் போனது, திரும்பிய கையோடு, புரட்சியின் தொடக்கமான மொன்காடா படைமுகாம் தாக்குதலின் 53ஆம் ஆண்டு நினைவு நாளான ஜூலை 26 அன்று கிராண்மா, ஹோல்கின் மாகாண விழாக்களில் கலந்துகொண்டது, இரவு பகலாகத் தூக்கமின்றி உழைத்தது ஆகியவை சேர்ந்து உடலைச் சாய்த்துவிட்டன என்றும், குடலில் ஏற்பட்ட கடுமையான பாதிப்பாலும் தொடர்ந்த இரத்தப்போக்காலும் சிக்கலான அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது என்றும், சில வாரங்கள் ஓய்வு தேவை என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. எண்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரங்கள்கூட இல்லை. ஐந்து நாள்களுக்கு முன்புதான், ஜூலை 26 விழாவில், நூறு வயது வரை இந்தப் பதவியில் இருக்கும் எண்ணம் தமக்கு இல்லை, எனவே வடக்கேயுள்ள அண்டை நாட்டவர் பயப்பட வேண்டாம் என்று அவர் வேடிக்கையாகச் சொல்லியிருந்தார்.

காரணங்களுக்குப் பிறகு ஆறு அம்சங்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றும் 'தற்காலிகமாக ஒப்படைக்கிறேன்' என்ற பொருளில்தான் தொடங்குகிறது. ஆறு முறையும் அந்தச் சொல் விடாமல் வருகிறது. முதலில் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளர் பொறுப்பு, அடுத்து ஆயுதப் படைகளின் தலைமைத் தளபதி பொறுப்பு, மூன்றாவதாகத்தான் நாட்டின் தலைவர், அரசின் தலைவர் என்ற பொறுப்பு. மூன்றும் ரவுலுக்கு. அந்த வரிசையே ஒரு செய்தி. அப்போது நடைமுறையில் இருந்த 1976ஆம் ஆண்டு அரசமைப்பின் 94ஆவது பிரிவு, நாட்டின் தலைவரான அரசுக் குழுவின் தலைவர் இல்லாதபோதோ நோயுற்றாலோ இறந்தாலோ முதல் துணைத் தலைவர், அதாவது ரவுல், அவர் இடத்தில் செயல்படுவார் என்று கூறியது. ஆக, அரசமைப்பு நேரடியாகப் பேசியது மூன்றாவது இடத்தில் வைக்கப்பட்ட பதவியைப் பற்றி மட்டுமே. நான் வரைவு எழுதியிருந்தால் அதைத்தான் முதலில் வைத்து, சட்டப்பிரிவைப் பார்வையில் காட்டியிருப்பேன். அதிகாரம் உண்மையில் எந்த நாற்காலியில் இருக்கிறது என்பதை அறிந்த ஒருவர் எழுதிய ஆணை அது.

எஞ்சிய மூன்று அம்சங்கள்தான் எனக்கு இன்றும் வியப்பளிப்பவை. பொதுச் சுகாதாரத் திட்டத்தை முன்னின்று நடத்தும் பொறுப்பை ஹொசே ரமோன் பலாகெரிடம் தற்காலிகமாக ஒப்படைப்பதாக நான்காவது அம்சம் சொல்கிறது. அந்தப் பலாகெர்தான் அப்போது சுகாதார அமைச்சர்! கல்வித் திட்டம் கட்சியின் மூத்த தலைவர்கள் மச்சாதோ வெந்துரா, எஸ்தேபன் லாசோ ஆகிய இருவருக்கும், மின்னாற்றல் திட்டம் துணைத் தலைவர்களில் ஒருவரான கார்லோஸ் லாகேவுக்கும் போயின. இத்திட்டங்களுக்கான நிதியைக்கூடத் தாமே நேரடியாகக் கவனித்து வந்ததாகவும், இனி லாகேயும் மத்திய வங்கித் தலைவர் ஃபிரான்சிஸ்கோ சொபெரோனும் வெளியுறவு அமைச்சர் ஃபெலிப்பே பெரெஸ் ரோக்கேயும் சேர்ந்து அதைக் கவனிக்க வேண்டும் என்றும் அறிக்கை தொடர்கிறது. சுகாதார அமைச்சருக்குச் சுகாதாரத்தைக் 'கூடுதல் பொறுப்பாக' வழங்க வேண்டியிருந்தது என்றால், 47 ஆண்டுகளாக அந்த நாடு எப்படி நடந்தது என்பதை அதைவிடத் தெளிவாக எந்த ஆய்வாளரும் எழுதிவிட முடியாது. ஒருவர் படுக்கையில் விழுந்த பிறகுதான், அவர் கையில் இருந்தவை எத்தனை என்ற பட்டியலை நாட்டு மக்கள் முதன்முறையாகக் கேட்டார்கள்.

அதற்கு முன் அவர் இப்படி எதையும் விட்டுக்கொடுத்தவர் அல்லர். 2001 ஜூன் மாதம் ஹவானாவை அடுத்த எல் கொத்தோரோவில் வெயிலில் பேசிக்கொண்டிருந்தபோது மயங்கிச் சாய்ந்தார். பெரெஸ் ரோக்கே ஒலிபெருக்கியைப் பிடித்துக் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். சற்று நேரத்தில் காஸ்ட்ரோ திரும்பி வந்து கையசைத்தார். 2004 அக்டோபர் 20 அன்று சாந்தா கிளாரா நகரில் மேடையிலிருந்து இறங்கும்போது தடுக்கி விழுந்ததில் இடது முழங்கால் சில்லு எட்டுத் துண்டுகளாக உடைந்தது, வலது கையிலும் எலும்பு விரிசல் கண்டது. மூன்றே கால் மணி நேரம் நீடித்த அந்த அறுவை சிகிச்சையின்போது முழு மயக்க மருந்து வேண்டாம், இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தால் போதும் என்று அவர் கேட்டுக்கொண்டார்; முக்கியமான வேலைகளைத் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருக்கிறது என்பது அவரே எழுதிய காரணம். முழங்காலைத் தைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று தகவல்களைச் சொல்லிக்கொண்டிருந்தவர் இதே வலென்சியாகாதான். மூன்றே கால் மணி நேரத்துக்குக்கூடப் பொறுப்பை ஒப்படைக்காதவர், இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரே தாளில் ஆறு ஒப்படைப்புகளைச் செய்தார் என்றால், சில வாரங்கள் ஓய்வு என்பதை நம்புவது கடினமாகத்தான் இருந்தது.

மறுநாளே இன்னொரு செய்தி அவர் பெயரில் வாசிக்கப்பட்டது. அமெரிக்க அச்சுறுத்தல் இருக்கும் நிலையில் தம் உடல்நிலை அரசு இரகசியமாகிறது, நல்ல செய்திகளைக் கற்பனை செய்து தர முடியாது என்பது அதன் சாரம். மயாமியில் குடியேறியிருந்த கியூபர்கள் முந்தைய இரவே தெருவில் இறங்கிக் கொண்டாடத் தொடங்கியிருந்தார்கள். ஹவானாவிலோ தெருக்கள் வழக்கம்போல இருந்தன. ரவுலை ஆளையே காணவில்லை. ஆகஸ்ட் 13 அன்று, 'ஹுவென்துத் ரெபெல்தே' நாளிதழில் காஸ்ட்ரோவின் படங்கள் வெளியாயின: விளையாட்டு வீரர் அணியும் அடிடாஸ் மேற்சட்டையுடன், முந்தைய நாள் தேதியிட்ட 'கிராண்மா' இதழைக் கையில் பிடித்தபடி. கடத்தப்பட்டவர் உயிரோடு இருப்பதற்குச் சான்றாக எடுக்கப்படும் படத்தைப் போன்ற ஏற்பாடு அது. நம்பிக்கையோடு இருங்கள், ஆனால் எந்தத் துயரச் செய்திக்கும் தயாராகவும் இருங்கள் என்று உடன் வந்த குறிப்பில் அவர் எழுதியிருந்தார். அதே நாள் விமான நிலையத்தில் வெனிசுவேலா அதிபர் ஹூகோ சாவேஸை வரவேற்றபோதுதான் ரவுல் வெளியே தெரிந்தார். அடிக்கடி பொதுவெளியில் தோன்றுவது தம் இயல்பு அல்ல என்று சில நாள்களுக்குப் பின் 'கிராண்மா'வுக்கு அளித்த பேட்டியில் அவர் சொன்னார். பொறுப்பு அலுவலர்களில் இப்படி ஒரு வகை உண்டு. ஒப்படைத்தவரின் நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் தம் பழைய நாற்காலியைப் போட்டுக்கொண்டே வேலையை முடித்துவிடுவார்கள்.

அதே 2006ஆம் ஆண்டு சனவரி 4 இரவு இஸ்ரேல் பிரதமர் ஏரியல் ஷரோன் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு எருசலேம் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, அன்றிரவே எஹுத் ஓல்மர்ட் பொறுப்பேற்றார். அங்கே அடிப்படைச் சட்டத்தில் நூறு நாள் கணக்கு இருந்தது. நூறு நாள்களுக்குள் பிரதமர் திரும்பாவிட்டால் நிரந்தரமாகச் செயலிழந்தவராகவே கருதப்படுவார். ஏப்ரல் நடுவில் அந்தக் கணக்கு முடிந்தது. நினைவு திரும்பாமலே ஷரோன் 2014 சனவரி வரை உயிரோடு இருந்தார் என்பது வேறு. பதவி அவருக்காக அத்தனை நாள் காத்திருக்கவில்லை. ஒரு மனிதர் உணர்வின்றிக் கிடக்கும்போது நாள்களை எண்ணிக்கொண்டிருக்கும் சட்டம் கொஞ்சம் ஈரமற்றதாகத் தோன்றினாலும், கியூப அறிக்கையில் இல்லாமல் போனது அந்த எண்ணிக்கைதான். அதில் 'பணியில் சேரும் நாள் வரை' என்பதும் இல்லை, 'மறு உத்தரவு வரும் வரை' என்பதும் இல்லை. தற்காலிகம் என்ற சொல் மட்டும் ஆறு முறை.

பிறந்தநாள் கொண்டாட்டத்தை, 1956இல் புரட்சியாளர்கள் கிராண்மா படகில் வந்திறங்கிய நாளின் ஐம்பதாம் ஆண்டான டிசம்பர் 2க்குத் தள்ளிவைக்குமாறு அறிக்கையிலேயே கேட்டுக்கொண்டிருந்தார். செப்டம்பரில் ஹவானாவில் நடந்த அணிசேரா நாடுகளின் மாநாட்டுக்கு நம் பிரதமர் மன்மோகன் சிங்கும் போயிருந்தார். மாநாட்டை ரவுல் நடத்த, ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் போன்ற விருந்தினர்களைக் காஸ்ட்ரோ நோயாளியின் உடையிலேயே சந்தித்தார். டிசம்பர் 2 அணிவகுப்புக்கு அவரே வருவார் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். வரவில்லை. அன்று மேடையில் நின்று, அமெரிக்காவுடன் பேச்சுவார்த்தைக்குத் தயார் என்று பேசியவர் ரவுல். அந்த மாதம் ஸ்பெயினிலிருந்து ஓர் அறுவை மருத்துவர் சென்று பார்த்து, புற்றுநோய் இல்லை என்று அறிவித்தார். தாம் மரணத்தைத் தொட்டுவிட்டு வந்ததாகக் காஸ்ட்ரோ தம் வாயாலேயே சொன்னது 2010இல், மெக்சிகோவின் 'லா ஹொர்னாதா' நாளிதழுக்கு அளித்த பேட்டியில்தான்.

2007 மார்ச் இறுதியில் அவர் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். பொறுப்பு ஒப்படைத்தவர் மருத்துவ விடுப்பில் இருந்துகொண்டு கோப்புகளில் குறிப்பு எழுதி அனுப்பினால் பொறுப்பு அலுவலரின் பாடு என்ன என்பது எனக்குத் தெரியும். ஆனால் நாட்டுத் தலைவர் பதவிக்கு இனி ஆசைப்படவும் மாட்டேன், தந்தாலும் ஏற்க மாட்டேன் என்று காஸ்ட்ரோவே எழுதியது 2008 பிப்ரவரி 19 அன்று வெளியானது. பிப்ரவரி 24 அன்று நாடாளுமன்றம் ரவுலைத் தேர்ந்தெடுத்தது. முக்கியமான விஷயங்களில் ஃபிடலைக் கலந்தாலோசிக்க அனுமதி வேண்டும் என்று ரவுல் அவையிடம் கேட்டுப் பெற்றார். அடைப்புக்குறிக்குள் இருந்த 'பொ' நீங்கிய அன்றே அவர் அதை மீண்டும் தாமாகப் போட்டுக்கொண்டது போலத்தான் அது இருந்தது.

முதல் துணைத் தலைவராக லாகே வருவார் என்ற பேச்சு பரவலாக இருந்தபோது, அந்த இடம் மச்சாதோ வெந்துராவுக்குப் போனது. 2009 மார்ச் மாதம் லாகேயும் பெரெஸ் ரோக்கேயும் பதவி நீக்கப்பட்டார்கள்; எந்தத் தியாகமும் செய்யாமல் கிடைத்த அதிகாரத்தின் தேன் அவர்களிடம் பேராசையைத் தூண்டிவிட்டது என்று காஸ்ட்ரோ எழுதினார். அறிக்கையில் அவர்கள் பெயரைச் சேர்த்தவரும் அவர்தான் என்பதை அந்தக் கட்டுரையில் நான் தேடினேன்; இல்லை. சொபெரோனும் அவ்வாண்டே மத்திய வங்கியை விட்டுப் போனார்.

இத்தனைக்குப் பிறகும் அறிக்கையின் முதல் அம்சம், அதாவது கட்சியின் முதல் செயலாளர் பொறுப்பு, யாராலும் தொடப்படாமல் அப்படியே இருந்தது. ரவுல் இரண்டாம் செயலாளராகவே நீடித்தார். வெளிநாட்டு ஏடுகள் ஃபிடலை முதல் செயலாளர் என்றே எழுதிவந்தன. 2011 மார்ச் மாதம், வேறு எதையோ பற்றி எழுதிய கட்டுரையின் நடுவில், 2006இல் நோயுற்றபோதே கட்சிப் பதவி உட்பட எல்லாப் பதவிகளையும் தயங்காமல் துறந்துவிட்டதாகவும், பிறகு அவற்றைத் திரும்ப ஏற்க முயலவே இல்லை என்றும் காஸ்ட்ரோ குறிப்பிட்டார். ஆறு முறை தற்காலிகம் என்று எழுதிய தாளுக்கு, ஐந்து ஆண்டுகள் கழித்து, அதை எழுதியவரே கொடுத்த பொருள் இது. அடுத்த மாதம் கூடிய ஆறாவது கட்சி மாநாடு ரவுலை முதல் செயலாளராகத் தேர்ந்தெடுத்தது. நிறைவு நாளன்று ஃபிடல் பிறர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்துவந்து மேடையில் தம்பிக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.