பெண் சிங்கங்கள் ஏன் சும்மா இருந்தன?

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிதான். பருப்பும் சோறும் என்று சமையல் சீக்கிரம் முடிந்துவிடும், அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து ஒரு படம் பார்ப்போம். போன வாரம் என் மகள் தேர்ந்தெடுத்தது 'லயன் கிங்', 1994இல் வந்த பழைய டிஸ்னி கார்ட்டூன் படம். எட்டு வயசு அவளுக்கு. சிங்க ராஜா முஃபாசா செத்து, அவன் தம்பி ஸ்கார் அரியணை ஏறி, காடெல்லாம் காய்ந்து கிடக்கிற இடத்தில் திடீரென்று கேட்டாள்: "அம்மா, ஸ்கார் ஒரே ஆள். பெண் சிங்கங்கள் இத்தனை பேர் இருக்காங்க. ஏன் எல்லாரும் சேர்ந்து அவனை விரட்டல?"

என்னிடம் பதில் இல்லை. பக்கத்தில் இருந்த என் அம்மா, அவளுக்கு ஆயா, "நல்லா கேட்டடி" என்று மட்டும் சொன்னார். நானும் சின்ன வயசிலிருந்து இந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒரு முறைகூட இது எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் அன்று இரவு முழுக்க மனசில் கிடந்தது.

யோசித்துப் பாருங்கள். முஃபாசாவின் மகன் சிம்பாவும் அவன் தோழி நாலாவும் குட்டிகளாக இருக்கும்போது இரண்டு முறை கட்டிப் புரள்கிறார்கள், இரண்டு முறையும் நாலாதான் அவனை மல்லாக்கத் தள்ளி மேலே நிற்கிறாள். வளர்ந்த பிறகு காட்டில் மறுபடி சந்திக்கும்போதும் அவளே ஜெயிக்கிறாள், அந்தப் பிடியை வைத்துத்தான் இவள் நாலா என்று அவனுக்கே தெரிகிறது. மூன்று தடவை அவனை வீழ்த்தியவள், ஊரை விட்டு உதவி தேடிப் போகத் துணிந்தவள், கடைசியில் அவனிடம் போய் நீ வந்து ராஜாவாக இரு என்று கேட்கிறாள். அவனுடைய தாய் சராபி ஸ்காரின் முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்கிறாள், அதற்கு அடி வாங்குகிறாள். இவர்களுக்கு எல்லாம் தெரிகிறது, எல்லாம் முடிகிறது, ஆனாலும் ஒரு ஆண் வந்து சேரும்வரை கதை நகராமல் நிற்கிறது.

நிஜச் சிங்கங்கள் அப்படி வாழ்வதில்லை. தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் வண்டி ஓட்டினால் ஹ்லுஹ்லுவே–இம்ஃபொலோசி வனவிலங்குப் பூங்கா வந்துவிடும், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே சிங்கம் பார்த்திருக்கிறார்கள். ஒரு சிங்கக் கூட்டம் என்பது அடிப்படையில் பாட்டி, அம்மா, சித்தி, மகள் என்று ரத்த உறவுள்ள பெண்கள். பிறந்த இடத்திலேயே தங்குவது அவர்கள், வேட்டையில் பெரும்பங்கு அவர்களுடையது. ஆண் குட்டிகள் இரண்டு மூன்று வயசில் வெளியே போய்விடும், வேறு எங்கிருந்தோ வரும் ஆண்கள் சில வருஷம் இருந்துவிட்டு இன்னொருவனிடம் தோற்றுப் போவார்கள். நிலம் தாய்வழியில் வருகிறது. படம் வில்லனின் அடியாட்களாக்கிய கழுதைப்புலிகளிலும் அப்படித்தான், பெண்தான் தலைமை, குட்டிக்கு அந்தஸ்து அம்மாவிடமிருந்து வருகிறது. விலங்குப் படம்தானே, எல்லாம் கற்பனை என்று சொல்லலாம். சரி, ஆனால் கற்பனை செய்யும்போது ஏன் எப்போதும் ஒரே பக்கமாகவே மாற்றத் தோன்றுகிறது?

கழுதைப்புலிகளின் தலைவிக்கு வைத்த பெயர் ஷென்சி. ஸ்வாஹிலியில் அது நாகரிகம் இல்லாதவர் என்று திட்டும் சொல். கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளைக்காரர்கள் கறுப்பு மக்களை அப்படித்தான் ஏசினார்கள். ராஜ குடும்பத்துச் சிம்பா வளர்ந்தபின் பேசுவது சுத்தமான அமெரிக்க ஆங்கிலம், கழுதைப்புலிகள் பேசுவது அங்குள்ள கறுப்பர், லத்தீன் அமெரிக்கர் தெருக்களின் பேச்சு. முஃபாசாவுக்குக் குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ், கறுப்பர்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் எந்தப் பேச்சு மேல், எந்தப் பேச்சு கீழ் என்பது பிள்ளை காதில் ஏறிவிடுகிறது. டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த எனக்கு இது நன்றாகத் தெரியும். பள்ளி நாடகத்தில் ராணி வேஷம் கேட்டேன், "உன் பேச்சு ராணிக்குச் சரிவராது" என்று ஒரு டீச்சர் சொல்லி, எனக்கு வேலைக்காரி வேஷம் கொடுத்தார்கள். வயசு பதினொன்று. இன்னும் வலிக்கிறது.

லயன் கிங் படத்தின் முதல் குரல் ஸூலு மொழியில் ஒலிக்கிறது, சிங்கம் வருகிறது என்று. தியேட்டரில் அதைக் கேட்டபோது எங்கள் பக்கத்து மொழி உலகத்துக்கே கேட்கிறது என்று அவ்வளவு பெருமைப்பட்டேன். அதே படத்தில் சிங்கம் தூங்குவதைப் பற்றி சிம்பாவின் கூட்டாளிகள் டிமோனும் பும்பாவும் பாடும் மெட்டு யாருடையது என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. சாலமன் லிண்டா, எங்கள் நட்டாலின் ம்சிங்கா பக்கத்து ஸூலுக்காரர், 1939இல் ஜோஹன்னஸ்பர்க்கில் 'ம்பூபே' என்று பதிவு செய்தது. உரிமையைப் பத்து ஷில்லிங்குக்கு விற்றுவிட்டு 1962இல் ஏழையாகவே இறந்தார். அவருடைய மகள்கள் வழக்குக்குப் போய், 2006இல் சமரசம் ஆகி, அப்புறம்தான் குடும்பத்துக்குப் பங்கு வந்தது. அப்பாவின் பாட்டுக்காக நின்றது அந்தப் பெண்கள்.

இது ஒரு படத்தின் கதை இல்லை. கார்மென் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரண்டு மொழியியல் ஆய்வாளர்கள் டிஸ்னி இளவரசிப் படங்களில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். 1950இல் வந்த சின்ட்ரெல்லாவில் பேச்சில் 60 சதவீதம் பெண்களுடையது. நாற்பது வருஷம் தள்ளி, பெண்ணுக்குத் தைரியம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட காலத்தில், லிட்டில் மெர்மெயிடில் ஆண்கள் 68 சதவீதம் பேசுகிறார்கள், அலாதீனில் 90. முலான் போருக்குப் போய் நாட்டையே காப்பாற்றுகிறாள், அதிலும் 77 சதவீதம் ஆண்கள் பேச்சு. அக்கா தங்கை இருவரைச் சுற்றி நடக்கும் ஃப்ரோஸனிலும் 59. வாளைக் கையில் கொடுக்கிறார்கள், பேச விடுவதில்லை. என் மகளுக்கு வாளை விட பேச்சுதான் முதலில் வேண்டும்.

மாற்றம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். டிஸ்னியின் மோவானா படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், கல்யாணம் என்ற பேச்சே இல்லாமல் ஒரு பெண் கடலுக்குப் போகிறாள், அவளைப் போ என்று சொல்வது பாட்டி, அடக்குவது பாட்டி இல்லை. ஆயாவோடு உட்கார்ந்து பார்த்தபோது அந்த இடத்தில் மூன்று பேருக்கும் கண் நிறைந்தது. ஆனால் அந்தப் படம் வந்த 2016லேயே அதில் வரும் பசிபிக் தீவுகளின் வீரன் மாவியின் பச்சை குத்திய உடம்பைப் பிள்ளைகள் போட்டுக்கொள்ளும் சட்டையாகத் தைத்து விற்றார்கள், பசிபிக் மக்கள் கொதித்த பிறகு திரும்பப் பெற்றார்கள். ஒரு இனத்தின் தோல் எப்படி விளையாட்டு உடையாகும்? தைப்பூசத்துக்கு எங்கள் ஆட்கள் அலகு குத்திக் காவடி எடுக்கிறார்கள், அதை யாராவது பிளாஸ்டிக்கில் செய்து பிறந்தநாள் விழாவுக்கு விற்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தால் அவர்கள் கோபம் புரிகிறது.

சனிக்கிழமை காலை கோயில் ஹாலில் நான் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். மகளின் கேள்வியை அங்கே போட்டேன். பையன்கள் பல்லையும் நகத்தையும் பற்றிப் பேசினார்கள். ஒன்பது வயசுப் பெண் ஒருத்தி, பொதுவாக வாயே திறக்காதவள், மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், வேட்டைக்குப் போறது அவங்கதானே. போக மாட்டோம்னு உட்கார்ந்தா ஸ்கார் என்ன சாப்பிடுவான்?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்று நடத்த வைத்திருந்த பாடத்தை மூடிவிட்டு, 1913இல் இதே மண்ணில் நடந்ததைச் சொன்னேன். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்று கேப் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும், ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து நம் இந்தியப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், எல்லை தாண்டி நட்டாலின் நியூகாசிலுக்கு வந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களிடம் பேசினார்கள். பேசியே வேலையை நிறுத்த வைத்தார்கள். அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த பெண், மாரிட்ஸ்பர்க் சிறையில் உடம்பு கெட்டு, வெளியே வந்த கொஞ்ச நாளில் 1914 பிப்ரவரி 22 அன்று போய்விட்டாள். பதினாறு வயசு.

"இதுக்குப் படம் இருக்கா டீச்சர்?" என்று கேட்டார்கள். நாமே வரைவோம் என்று சொல்லிவிட்டேன். நீள நீளமான தாளில் கட்டம் கட்டமாக ஆரம்பித்திருக்கிறார்கள், என் மகளும் சேர்ந்துகொண்டாள். அடுத்த வாரம் நியூகாசில் பகுதி. சுரங்கத்துக்குள் இருட்டை எப்படி வரைவது என்று பையன்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பெண்கள் என்ன பேசியிருப்பார்கள் என்பதை அந்த ஒன்பது வயசுக்காரி தமிழில் எழுதிக்கொண்டு வருகிறாள்.