வோர்டெக்ஸா, எம்ஓ2-வா: ஸ்கைரிம் மாட் பட்டியல் ஒருவழியாக நிலைக்கு வந்தது

எல்ஓடி, அதாவது தூரத்தில் தெரியும் காட்சிகளுக்கான எளிய வடிவங்கள், உருவாக்கி முடித்தாயிற்று. மலை உச்சியில் நின்றால் தூரத்து மரங்களும் கோட்டைகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன, கிராஷ் இல்லை. ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் கேமை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் எனக்கு ரொம்பவே பெருமை. இந்த முறை மாட்களை (கேமை மாற்ற ரசிகர்கள் செய்யும் கூடுதல் ஃபைல்கள்) தேடுவதைவிட, அவற்றை நிறுவி நிர்வகிக்கும் எந்த மேனேஜரில் போடுவது என்று முடிவெடுக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

வோர்டெக்ஸ், மாட் ஆர்கனைசர் 2 (எம்ஓ2) என்ற இரண்டு மேனேஜர்களிலும் ஒரே பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். மாட் ஆர்கனைசரை முதலில் எழுதியவரே பின்னால் வோர்டெக்ஸை உருவாக்கப் போனார். ஆனாலும் இரண்டின் போக்கும் வேறு வேறு. வோர்டெக்ஸ் மாட்களை ஸ்டேஜிங் ஃபோல்டர் என்ற தனி இடத்தில் வைத்துக்கொண்டு, ஹார்ட்லிங்க் (நகலெடுக்காமல் ஒரே ஃபைலை இரண்டு இடத்தில் காட்டும் இணைப்பு) மூலம் கேமின் டேட்டா ஃபோல்டருக்குள் கொண்டுவருகிறது. ஹார்ட்லிங்க் ஒரே பார்ட்டிஷனுக்குள்தான் செல்லும் என்பதால், கேம் ஒரு டிரைவிலும் ஸ்டேஜிங் ஃபோல்டர் இன்னொன்றிலும் இருந்தால் அந்த முறை உதவாது. எம்ஓ2 டேட்டா ஃபோல்டரைத் தொடுவதே இல்லை. கேமை அதன் வழியாகத் தொடங்கும்போது மட்டும், மாட்கள் எல்லாம் உள்ளே இருப்பதாகக் கேமை நம்பவைக்கிறது. மூடிவிட்டுப் பார்த்தால் டேட்டா ஃபோல்டர் பழையபடி சுத்தமாக இருக்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

இன்னொரு காரணம், மோதல்கள்: ஒரே ஃபைலை இரண்டு மாட்கள் மாற்ற முயல்வது. வோர்டெக்ஸில் மோதும் மாட்களுக்கிடையே இது முன், அது பின் என்று விதி போட வேண்டும். பட்டியல் பெருத்தால் விதிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும், அந்தச் சிக்கலை அவிழ்ப்பது தனி வேலை. எம்ஓ2-வின் இடது பக்கப் பட்டியலில் கீழே இருப்பது ஜெயிக்கும், அவ்வளவுதான். மோதலைக் காட்டும் மின்னல் குறியைப் பார்த்து இழுத்துப் போட்டால் முடிந்தது. ஒரு மாடின் மெஷ் (பொருளின் வடிவம்) வேண்டும், அதிலுள்ள ஒரே ஒரு டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) மட்டும் வேண்டாம் என்றால், கான்ஃப்ளிக்ட்ஸ் டேபில் அந்த ஃபைலை மட்டும் மறைத்துவிடலாம்.

இப்போது என்னைப் பிடித்து உட்கார வைத்த விஷயம்: ஓவர்ரைட் ஃபோல்டர். எம்ஓ2 வழியாக ஓடும் எந்தக் கருவியும் புதிதாக ஒரு ஃபைலை எழுதினால் அது இங்கே வந்து விழும். ஏற்கெனவே ஒரு மாடில் இருக்கும் ஃபைலைத் திருத்தினால் திருத்தம் அந்த மாடுக்குள்ளேயே போய்விடும். இந்த வித்தியாசம் புரிந்தால்தான் எம்ஓ2 வசப்படும். பாடிஸ்லைட் (உடல், உடை வடிவங்களுக்கானது), நெமசிஸ் (அசைவுகளுக்கானது) எல்லாவற்றின் வெளியீடும் ஓவர்ரைட்டில் ஒன்றாகக் குவிந்தால், எது எந்தக் கருவியுடையது என்று பிரிப்பது பெரிய தலைவலி. அதோடு ஓவர்ரைட்தான் பட்டியலிலேயே கடைசி. அங்கே கிடக்கும் பழைய ஃபைல் எல்லா மாட்களையும் ஜெயித்துவிடும்.

தீர்வு எக்ஸிக்யூட்டபிள்ஸ் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும், புது ஃபைல்களை ஓவர்ரைட்டுக்குப் பதில் குறிப்பிட்ட மாடில் எழுதச் சொல்லும் ஒரு டிக் உண்டு. பாடிஸ்லைட்டுக்கு ஒரு காலி மாட், நெமசிஸுக்கு ஒன்று என்று முதலிலேயே உருவாக்கி இணைத்துவிட்டேன். எல்ஓடி உருவாக்கும் டிண்டோலாட் மட்டும் விதிவிலக்கு. அதன் வெளியீட்டுக்கு, கேமுக்கும் எம்ஓ2-வுக்கும் வெளியே தனி ஃபோல்டர் கொடுப்பதே சரி. எல்ஓடிக்கான மூன்று கருவிகளையும் எக்ஸ்லாட்ஜென், டெக்ஸ்ஜென், டிண்டோலாட் என்ற வரிசையில் ஓட்டி, ஒவ்வொன்றின் வெளியீட்டையும் மாடாக நிறுவிய பிறகே அடுத்ததைத் தொட்டேன்.

பிளகின் (மாடின் தரவுகளைக் கேமுக்குள் கொண்டுவரும் ஃபைல்) எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. முழு பிளகின்கள் 254-ஐத் தாண்டக் கூடாது, லைட் எனப்படும் சிறிய பிளகின்களுக்கு 4096 வரை இடம் இருக்கிறது. சிறிய பேட்ச்களை எஸ்எஸ்இஎடிட் என்ற பிளகின் திருத்தும் கருவியில் லைட்டாக மாற்றலாம். ஃபார்ம் ஐடிகளை (பிளகினில் ஒவ்வொன்றுக்கும் உள்ள அடையாள எண்கள்) சுருக்க வேண்டியிருந்தால் புது ஆட்டம் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள், நடுவில் செய்தால் சேவ் கெட்டுவிடும். அப்புறம், ஸ்டீமில் ஆட்டோ அப்டேட்டை 'தொடங்கும்போது மட்டும்' என்று வைத்து, எப்போதும் எஸ்கேஎஸ்இ (கேமின் ஸ்கிரிப்ட் வசதியை விரிவாக்கும் நிரல்) வழியாகவே கேமைத் திறக்கிறேன். எஸ்கேஎஸ்இ கேமின் பதிப்போடு ஒட்டியே வேலை செய்யும். கேமின் 1.6.1170 பதிப்புக்கான, எஸ்கேஎஸ்இ-யை நம்பியிருக்கும் டிஎல்எல் மாட்கள் வேறு பதிப்பில் ஓடும் என்று நம்ப முடியாது.

இதனால் வோர்டெக்ஸை வேண்டாம் என்று சொல்லவில்லை. சைபர்பங்க் 2077 கேமில் மாட்கள் கேமின் மூல ஃபோல்டருக்குள் பல இடங்களில் பிரிந்து உட்காரும். அதை அடுத்து எடுக்கும்போது வோர்டெக்ஸிலேயே போடப்போகிறேன். மாட்கள் கிடைக்கும் நெக்சஸ் தளத்தின் டவுன்லோட் இணைப்புகளை ஒரு நேரத்தில் ஒரு மேனேஜர்தான் பிடிக்கும் என்பதால், அப்போது அமைப்பில் மாற்ற வேண்டியிருக்கும்.

ஆனால் அதற்கு முன் ஸ்கைரிமில் புல் பாக்கி. புல் கேஷ் (புல் எங்கெங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து வைப்பது) உருவாக்கும்போது கேம் திரும்பத் திரும்ப கிராஷ் ஆகும், அது இயல்புதான். ஒவ்வொரு முறையும் கேமைத் தானாகவே மறுபடி தொடங்கிவைக்க எம்ஓ2-வுக்கே ஒரு துணைநிரல் இருக்கிறது. இன்றிரவு அதை ஓடவிட்டு, கேஷ் தயாரானதும் தூரத்துப் புல்லுக்காக டிண்டோலாடை மறுபடி ஓட்டவேண்டும்.