மாநாட்டு மேடையில் அசிங்கமான ஜோக்: புகார் கொடுக்கப் போய் நான் பட்ட பாடு

டேட்டாபேஸ் வேகத்தைப் பற்றிய உரை அது. பேச்சாளருக்கு விஷயம் நன்றாகத் தெரியும், ஆனால் ஸ்லைடுக்கு நடுவே பிகினி படங்கள், மனைவியைப் பழைய புரோகிராம் கோடோடு ஒப்பிட்டு ஜோக்குகள். சிரித்தவர்களில் சிலர் அங்கிருந்த பெண்களான எங்கள் முகம் எப்படிப் போகிறது என்று வேறு திரும்பிப் பார்த்தார்கள்.

மாநாட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற நடத்தை விதிகள் அதன் இணையதளத்தில் இருந்தன. ரெஜிஸ்ட்ரேஷன் மேசையில் இருந்த தம்பிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. அதில் போட்டிருந்த போன் நம்பர் போன வருட ஒருங்கிணைப்பாளருடையது. சரி, மெயில் அனுப்பலாம் என்று அனுப்பினால், அந்த முகவரிக்கு வருவது ஏற்பாட்டுக் குழுவில் உள்ள எல்லோருக்கும் போகுமாம், அந்தப் பேச்சாளரும் குழுவில் ஒருவர்! என் பெயரோடு என் புகாரை அவரே படித்திருக்கிறார். இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. தயவுசெய்து, மெயில் அனுப்பும் முன் அதை யார் யார் படிப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம் குழுவோடு வாக்குவாதம். "அவர் தப்பான எண்ணத்தில் சொல்லலைங்க", "ஜோக்குக்கெல்லாம் விதி போட்டால் யார் பேச வருவார்கள்?" 2009-இல் சான் பிரான்சிஸ்கோவில் ரூபி என்ற புரோகிராமிங் மொழிக்கான மாநாட்டில், கவுச்டிபி என்ற டேட்டாபேஸ் பற்றிய உரைக்கு ஆபாசப் படங்கள் போட்டபோதும் இதே மாதிரிதான் வாதாடினார்கள். நடத்தை விதி இல்லாத மாநாட்டுக்குப் பணம் தர மாட்டோம் என்று பைதான் என்ற இன்னொரு புரோகிராமிங் மொழியின் அறக்கட்டளை 2012-லேயே முடிவெடுத்தது, அதனால் பைதான் மாநாடுகளில் பேச ஆள் கிடைக்காமல் போய்விட்டதா என்று கேட்டேன். அதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

உடனே ட்விட்டரில் போடு என்று தோழிகள் சொன்னார்கள். நான் போடவில்லை. 2013-இல் அமெரிக்காவின் சான்டா கிளாராவில் நடந்த பைகான் என்ற பைதான் மாநாட்டில், தனக்குப் பின்னால் உட்கார்ந்து ஜோக் அடித்தவர்களைப் படமெடுத்துப் போட்ட பெண்ணுக்கும் வேலை போனது, ஜோக் அடித்தவர்களில் ஒருவருக்கும் வேலை போனது. அந்தப் பெண்ணுக்கு வந்த மிரட்டல்கள் வேறு. எனக்குக் கைகொடுத்தது, நடந்த நேரம், ஸ்லைடு எண், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் அங்கேயே உட்கார்ந்து குறித்து வைத்ததுதான். வீடியோ வெளியாகும் முன்பே புகாரைக் கொடுத்துவிடுங்கள், ஏறிவிட்டால் வெட்ட யாருக்கும் மனசு வராது.

கடைசியில் அந்த ஸ்லைடுகளை வீடியோவிலிருந்து எடுத்தார்கள். புகார் முகவரி இப்போது இரண்டே பேருக்குப் போகிறது, அவர்கள் பெயர் தளத்திலேயே இருக்கிறது. பாலியல் படங்களும், பாலினத்தையோ சாதியையோ வைத்துக் கிண்டலும் கூடாது என்று பேச்சாளர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது. அந்தப் பத்தியின் முதல் வடிவம் நான் எழுதியது. பேச்சாளரிடமிருந்து மன்னிப்பு மட்டும் இன்னும் வரவில்லை, கேட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன்.