ரேகை விழாத விரல்கள்

முக்கூடல் பக்கம் ஒரு ரேஷன் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். எங்கள் கார்டுதாரர்களில் பாதிக்கு மேல் பீடி சுற்றும் குடும்பங்கள். நனைத்த இலையைத் தகரம் வைத்துக் கத்திரியால் வெட்டி, தூள் வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டுவது வரை எல்லாம் விரல் நுனியில் நடக்கிற வேலை. சின்ன வயதில் பீடி சுற்றும் தட்டை மடியில் எடுத்தவர்களுக்கு ஐம்பது வயதில் பெருவிரல் வழவழவென்று இருக்கும். 2020 அக்டோபரில் கைரேகை வைத்தால்தான் பொருள் என்று ஆனபோது, மெஷின் தேடியது அந்த விரலில் இல்லாத வரிகளைத்தான்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கைரேகை வந்தது இந்தப் பெண்களைச் சந்தேகப்பட்டு அல்ல, எங்களைச் சந்தேகப்பட்டு. 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்த புதிதில், கடைப்பக்கமே வராதவர் செல்போனுக்கு அரிசி, சர்க்கரை வாங்கியதாக எஸ்எம்எஸ் போகும். வாங்காத பொருளுக்குப் பில் போடும் பழக்கம் எங்கள் தொழிலில் இருந்தது. இல்லை என்று நான் சொன்னால் ஊரே சிரிக்கும். ரேகை வந்தபின் அது வெகுவாகக் குறைந்தது. பூட்டு சரியான பூட்டுதான். சாவிதான் யாரோ ஒருவர் கையில் தேய்ந்துபோய்க் கிடந்தது.

“யய்யா, இந்த வெரலு வேண்டாம்னா அடுத்தத வைக்கேன்” என்று ஆச்சிமார் ஒவ்வொரு விரலாக வைப்பார்கள். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள். வரிசை முணுமுணுக்கும். “வீட்ல வேற யாரையாவது வரச்சொல்லுங்க ஆச்சி” என்பேன். மகன் திருப்பூரில் இருப்பான். மருமகள் தட்டைப் போட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு ஆயிரம் பீடி தேறாது; கூலியோ ஆயிரத்துக்குத்தான் கணக்கு. 2011 முதல் அரிசி இலவசம். அதற்கு இந்த வீடுகள் கொடுக்கிற விலை இதுதான். ஆதாரில் ரேகையைப் புதுப்பித்து வரச் சொன்னால் அதற்கும் ஒரு நாள் போகும். புதுப்பித்த ரேகையும் அதே இலையில்தான் மறுபடி தேயும்.

விதிவிலக்கே இல்லையா என்றால், இருக்கிறது. ரேகை விழாதவர்களுக்குப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருள் கொடுக்கலாம் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணிக்கை கூடினால் மேலிருந்து விளக்கம் கேட்பார்கள். பீடி ஊரில் அது கூடத்தானே செய்யும்? கேட்கிறவருக்கு எல்லாக் கடையும் ஒரே அளவுகோல். அதனால் மாதக் கடைசியில் எங்கள் ஆட்களில் சிலர் கைசுருக்கிவிடுவார்கள். விளக்கக் கடிதம் எழுதுவதைவிட ஆச்சியைத் திருப்பி அனுப்புவது சுலபம். அப்புறம் சில கடைகளுக்குக் கருவிழிக் கருவி வந்தது, நல்ல காரியம்தான். கண்புரை ஆபரேஷன் ஆனவர்களிடம் மட்டும் சில நேரம் அதுவும் முரண்டு பிடிக்கும்.

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்து, எழுபது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் போனது. வாசலில் வண்டி நின்றதும் ஒரு தாத்தா எங்களுக்குக் காப்பி போடச் சொன்னார். அந்த நாட்களில் இந்த வேலை பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் விரல் எழுபது வரை காத்திருப்பதில்லை.

பீடித் தொழிலாளர்களுக்கு மத்திய அரசின் தொழிலாளர் நலப் பிரிவு அடையாள அட்டை கொடுத்திருக்கிறது. பிள்ளைகளின் உதவித்தொகைக்கு அதைத்தான் காட்டுகிறார்கள். ஆக, யார் பீடி சுற்றுகிறார்கள் என்பது அரசுக்குத் தெரியாத விஷயமில்லை, என் மெஷினுக்குத்தான் தெரியாது. அட்டை உள்ள வீடுகளின் பதிவேட்டுக் கணக்கைத் தனியே வையுங்கள் என்று ஒரு குறைதீர் முகாமில் எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர், “இத நீங்க ஏன் கேக்கீங்க, கார்டுதாரர்லா கேக்கணும்?” என்றார்.

சரி என்று அவர்கள் பெயரிலேயே ஒரு மனு தயார் செய்திருக்கிறேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் அதில் பெருவிரல் ரேகைதான் வைத்தாக வேண்டும்.