வற்றாப்பளையில பாடின கற்பகமே

போன கிழமை முல்லைத்தீவு வற்றாப்பளை கண்ணகை அம்மனிட்டப் போட்டு வந்தனான். வைகாசி விசாகப் பொங்கலுக்கு கடல்தண்ணியில விளக்கெரியிறதைப் பாக்கவெண்டே வருசாவருசம் போறனாங்கள், இந்தமுறை அம்மாக்கு காய்ச்சல், போகேலாமப் போச்சு, மனசு கிடந்து அடிச்சதால சனமில்லாத நாளாப் பாத்து கிளிநொச்சியில வெள்ளண பஸ் ஏறி புதுக்குடியிருப்பால போய் இறங்கினம்.

கூட வந்தது என்ர சங்கீத ரீச்சர். சரளிவரிசையில இருந்து எனக்குச் சொல்லித் தந்தவ. இடம்பெயரேக்க சுருதிப்பெட்டியும் போச்சு வீடும் போச்சு, பாட்டுக்கொப்பி ஒண்டை மட்டும் விடாமக் கொண்டந்தவ. அதில பாதி தமிழில கீர்த்தனை எழுதின பாபநாசம் சிவன்ர பாட்டுத்தான்.

பூசை முடிய, "பாடுவமா பிள்ளை" எண்டா. மத்யமாவதி ராகத்தில சிவன்ர கற்பகமே கண்பாராய். மயிலாப்பூர் கற்பகாம்பாளில அவர் பாடினது, இங்க நந்திக்கடல் காத்து வர கண்ணகை அம்மனுக்கு முன்னால, தம்புரா இல்லை மைக் இல்லை, ரீச்சர் தொடையில தாளம் போட்டுப் பாடினா. எனக்கு அனுபல்லவியோட தொண்டை அடைச்சிட்டுது, மிச்சத்தை அவதான் தனியப் பாடி முடிச்சவ.

பிறகு மரத்துக்குக் கீழ இருந்து புக்கை சாப்பிடேக்க பாபநாசம் சிவனைப் பற்றித்தான் கதை. 1890இல தஞ்சாவூர்ப் பக்கம் போலகத்தில ராமையா எண்ட பேரில பிறந்தவர், ஏழு வயசில தகப்பன் இல்லை, தாயோட திருவனந்தபுரம், 1910இல தாயும் போக கோயில் கோயிலா பாடிக்கொண்டு திரிஞ்சிருக்கிறார். "வீடில்லாத பிள்ளைக்கு கோயில்தான் வீடு" எண்டு ரீச்சர் சொல்லேக்க கொப்பியைத் தடவிக்கொண்டிருந்தா.

கலாக்ஷேத்திராவில படிப்பிச்சவர், டி.கே.பட்டம்மாள் மாதிரி ஆக்களே அவரிட்டப் பாடம் கேட்டவை, 1971இல சங்கீத கலாநிதி, அடுத்த வருசம் பத்மபூஷண், எல்லாம் கிடைச்சுது. எண்டாலும் எனக்குப் பெரிசாத் தெரியிறது அந்த மார்கழி பஜனைதான், விடியக்காலமை பனிக்குள்ள கபாலி கோயில் மாடவீதி சுத்தி நடந்து பாடினது, ரோட்டில நிண்டு கேக்கிறவனுக்கும் விளங்கிற தமிழில. ராமதாசன் எண்டு தன்ர முத்திரைப் பேரை உள்ளுக்க வச்ச அந்தப் பாட்டுகள் சபா மேடைக்கு மட்டும் எண்டு நான் நினைக்கேல்ல, நினைக்கவும் மாட்டன்.

பஸ்ஸுக்கு நிக்கேக்க ரீச்சர் கொப்பியை என்ர கையில தந்தா. காணக் கண் கோடி வேண்டும், காம்போதி ராகம், இருக்கிற பக்கத்தை மடிச்சு விட்டிருந்தவ. "வாற பொங்கலுக்கு இதைப் பாடம் பண்ணிக்கொண்டு வா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா" எண்டா.