இதயத்தில் சதை போட்டால் பலமா?

மன்னார்குடி பெரியப்பாவின் எக்கோ ரிப்போர்ட்டில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருப்பதாக வந்திருக்கிறது. "சதை போட்டா பலம்தானேடா?" என்கிறார். நேற்று வரை வயலில் மண்வெட்டி பிடித்த ஆள், அப்படித்தான் கேட்பார். நியாயமான கேள்விதான்.

இதயத் தசைச் செல்கள் எளிதில் பெருகுவதில்லை. 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் புதிதாகிறது, 75இல் அதில் பாதிகூட இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் புரதங்கள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கின்றன. குடியிருந்தபடியே ஓடு மாற்றுகிற வீடு மாதிரி. துடிப்பு ஒரு நொடிகூட நிற்காது.

ரத்த அழுத்தம் ஏறினால் சுவரின் மேல் சுமை கூடும். உடனே செல் புரதம் செய்வதை முடுக்கிவிடும். சிதைவதைவிடச் சேர்வது அதிகமானால் செல் தடிக்கும். முதலில் இது உதவிதான். வருடக்கணக்கில் நீடித்தால்தான் வம்பு: நார்த்திசு சேர்ந்து சுவர் விறைக்கும், ரத்தம் நிரம்பவே சிரமப்படும்.

கழிக்கும் வேலையும் லேசுப்பட்டதல்ல. கெட்ட புரதத்தின் மேல் யூபிக்விட்டின் என்ற குட்டிப் புரதத்தை முத்திரைபோல ஒட்டுகிறது செல். முத்திரை விழுந்ததை, செல்லுக்குள் இருக்கும் புரோட்டியசோம் என்ற வெட்டும் எந்திரம் துண்டுபோடும். 2004 வேதியியல் நோபல் இந்த முத்திரை குத்திக் கழிக்கும் முறையைக் கண்டுபிடித்ததற்குத்தான். பெரிய குப்பையைச் செல் தானே விழுங்கிச் செரிக்கும். அதை ஆராய்ந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல். அழுத்தம் ஓயாவிட்டால் இந்த ஏற்பாடும் திணறும்.

சரி, தடித்தது குறையுமா? மருந்தால் அழுத்தம் கட்டுக்குள் வந்தால் பலருக்கு ஓரளவு குறைகிறது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் இதயம் தடிக்கும்; பிரசவத்துக்கு அப்புறம் சில மாதங்களில் பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துவிடும்.